ரூபேந்திரனின் எழுத்துத் திரை

மலேசியாவில் ரெங்கம் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்குலை இறக்கிக்கொண்டிருந்த ரூபேந்திரன், வேலை முடிந்து வகுப்புக்குப் போய்க் கணினி படித்து, லோரிகளை நிறுக்கும் எடைமேடை அறையில் வந்து உட்கார்ந்து அதிக நாளாகவில்லை. அதற்குள் ஆலையே தன் தலையில்தான் ஓடுகிறது என்ற நடை வந்துவிட்டது.

எடை பதிய மேனேஜர் சபாபதி வெளியில் மென்பொருள் வாங்கப் போனபோது குறுக்கே விழுந்து தடுத்தவனும் அவன்தான். டெர்மினல் என்கிற எழுத்துத் திரையில் கட்டம் போட, நிறம் கொடுக்க ஒரு திறமூல நிரல்தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது, அதை வைத்துத் தானே எழுதிவிடுவதாகச் சொன்னான். ஓடினால் நாற்காலி உனக்கு, ஓடாவிட்டால் மறுபடி குலை இறக்கப் போ என்று சபாபதியும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

நிரல் நிற்கும்போது திரையைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடு என்று அந்தத் தொகுப்பின் கையேடு திரும்பத் திரும்பச் சொன்னது. ரூபேந்திரன் அந்த வரியை எழுதவில்லை. தான் எழுதியது எதற்கு நிற்கப்போகிறது என்று நினைத்தான்.

முதல் நாள் காலையிலேயே நின்றது. பெக்கோக்கிலிருந்து வந்த ஒரு லோரியின் எண்ணைத் தப்பாக அடித்ததற்கே நிரல் படுத்துவிட்டது. திரையில் பாதிக் கட்டம் தொங்கியது. எதை அடித்தாலும் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

கீபோர்டு செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னான். சோதிக்க, கை பழகிய கட்டளையை அடித்தான்: அலுவலகத் திரைக்குச் செய்தி அனுப்பும் கட்டளை. ஒன்றும் தெரியவில்லை. எழுத்தர் தேன்மொழியிடம் வேறு கீபோர்டு வாங்கி மாட்டினான். அதிலும் அப்படியே. வெளியே லோரிகள் ஹார்ன் அடித்தன. குலைகள் வெயிலில் காய்ந்தன. செத்த கீபோர்டுதானே என்று, அதைத் திட்டுவதில் தொடங்கி மனசில் கிடந்ததையெல்லாம் அதன்மேல் கொட்டினான். ஒவ்வொரு வரிக்கும் மறக்காமல் எண்டர் தட்டினான்.

தொலைபேசி அடித்தது. தேன்மொழி எடுத்துக் கேட்டுவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அவனிடம் நீட்டினாள். மறுமுனையில் சபாபதி.

"ரூபேன், 'சபாபதி தொப்பைக்கு ஒரு மேனேஜர் நாற்காலி கேடு'. இத எழுதுனது நீதானே?"

"சார்..."

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு லா. எல்லாம் வருது."

அப்போதுதான் அவன் மண்டைக்கு ஏறியது. எழுத்துகள் அலுவலகத்தில் சபாபதியின் திரைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவை கண்ணில் படாமல் அடைத்து வைத்தது, திரையைப் பழைய நிலைக்குத் திருப்பாமல் நின்றுபோன அவனுடைய நிரல். செய்தியை முடித்துவிட்டு, அதே தொகுப்போடு வரும் ரீசெட் கட்டளையைத் திரையில் எதுவும் தெரியாமலே அடித்தான். திரை ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பி வந்தது.

சபாபதி எடைமேடைக்கே இறங்கி வந்தார். விட்டுப்போன வரியை அவன் எழுதி முடிக்கும்வரை பின்னால் நின்று பார்த்தார். தொப்பையைப் பற்றிப் பேசவே இல்லை.

"இருந்து தொல. காசு குடுத்து வாங்குனாலும் ஒன்ன மாதிரி ஒருத்தன்தான் எழுதியிருப்பான். மொதல்ல வெளிய நிக்கிற லோரிக்காரங்ககிட்டப் போய், எதுக்கு நிக்கிறாங்கன்னு நீயே சொல்லிட்டு வா."

நாற்காலி பிழைத்தது. முதல் லோரியின் சன்னலோரம் நின்று, டெர்மினல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினான் ரூபேந்திரன். ஓட்டுநர் கண்ணையா பொறுமையாகக் கேட்டார்.

"சரி தம்பி. இப்பப் போலாமா?"

போகலாம் என்றான். அவருக்குச் சரியாக விளங்கவில்லை என்று பட்டது. இரண்டாவது லோரிக்காரருக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுவது என்று நடந்தான்.