பெரிய எழுத்தில் சோலோ

ஜூன் 10, செவ்வாய். இன்றைய தவறு: ஓர் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். போட்டது கைபேசி. ஆனால் அனுப்பியது நான்தான்.

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் அன்றன்று செய்த பிழையை அன்றன்றே எழுதச் சொல்லியிருந்தார். அதனால் நஸ்ருல் எழுதினான். எழுதிய பிறகு, இவ்வளவு சின்ன விஷயத்தைப் பிழைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

விஷயம் இதுதான். ஜகார்த்தாவில் நடக்கப்போகும் 'ஜாவாவின் வேர்கள்' இசை விழாவுக்குத் தன் பாட்டை அனுப்பியவன், கூடவே தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதினான்: 'முசிசி சோலோ'. முசிசி என்றால் இசைக்கலைஞன். அந்த சோலோவைச் சின்ன எழுத்தில் தொடங்கினால், தனியாளாக வாசிப்பவன் என்று பொருள். பெரிய எழுத்தில் தொடங்கினால் சோலோ நகரத்துக்காரன் என்றாகிவிடும். அரண்மனையும் பத்திக் துணியும் குரல் உயர்த்தாத மனிதர்களும் உள்ள ஊர் அது. நஸ்ருல் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஜகார்த்தாவுக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையான பெக்காசியில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி. அங்கே குரல் உயர்த்தாவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கே கேட்காது.

விழா அமைப்பாளர் வினார்த்தி மறுநாளே அழைத்தாள்.

"மாஸ் நஸ்ருல்தானே?"

மாஸ் என்று ஜாவாக்காரர்கள் இளைஞர்களை மரியாதையாக அழைப்பார்கள். பெக்காசியில் அவனுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. அங்கே அவன் வெறும் 'பாங்', அதாவது அண்ணே; கோபம் வந்தால் 'டேய்'.

"ஆமாங்க."

"சோலோவுல நீங்க எந்தப் பக்கம்?"

"நான் தனியாத்தாங்க வாசிப்பேன்."

"தனியா... அந்தத் தனிமை பாட்டுலயே தெரியுது மாஸ். அந்த கோங் சத்தம்! அரண்மனைல விடியக்காலைல கேக்கற மாதிரி! நீங்க தேர்வாயிட்டீங்க. பெரிய அரங்கு, சனிக்கிழமை ஒத்திகை, ஞாயித்துக்கிழமை ராத்திரி நிகழ்ச்சி!"

அவள் மூச்சு விடும் இடத்தில் நுழைந்து திருத்திவிடலாம் என்று நஸ்ருல் காத்திருந்தான். அவள் மூச்சே விடவில்லை. பெரிய அரங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அவன் மூச்சும் நின்றுவிட்டது.

கோங் என்பது ஜாவா இசையில் அடிக்கும் பெரிய வெண்கலத் தட்டு. அவள் கேட்ட அந்த கோங் உண்மையில் ஒரு தண்ணி மோட்டார். அவன் குடியிருக்கும் ரொம்லா அக்காவின் ஆறு வாடகை அறைகளுக்கும் சேர்த்து இருக்கும் ஒரே மோட்டார். தொட்டி காலியாக இருக்கும்போது ஒரு சுரத்தில் முனகும், நிரம்ப நிரம்ப ஏறும், யாராவது குழாயைத் திறந்தால் சடாரென்று இறங்கும். நஸ்ருல் பதிவு செய்த நாளில் அக்கா கையில் தண்ணீர் மொள்ளும் குவளையோடு குளியலறை வாசலில் நின்று, "பாட்டு எடுக்கறான்! ஒருத்தரும் குளிக்கக் கூடாது!" என்று காவல் காத்தாள். அதற்கு நன்றியாகத்தான் பாட்டுக்கு 'ரொம்லாவின் மோட்டார்' என்று பெயர் வைப்பதாக அவன் வாக்குக் கொடுத்தான். அக்கா அதைக் காய்கறி வண்டிக்காரனில் தொடங்கி, மசூதியில் குர்ஆன் ஓதும் பெண்கள் குழு வரை சொல்லி முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை வினார்த்தி அவனை ஒரு காபிக் கடைக்கு வரச் சொன்னாள். விழா மலரில் போட அவனுடைய 'பாதிப்புகள்' வேண்டுமாம். வழியெல்லாம் நஸ்ருல் உண்மையை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். தன் ஊர் பெக்காசி என்று பஸ்ஸில் சரளமாக வந்தது. கடையில் வரவில்லை.

"சின்ன வயசுல உங்களைப் பாதிச்ச சத்தம் எது மாஸ்?"

"புட்டு விக்கறவர் வண்டி. ஆவி விசில் அடிக்கும் பாருங்க..."

"ஆத்தங்கரைப் புல்லாங்குழல்," என்று அவள் தட்டச்சு செய்தாள். "அப்புறம் நீங்க ம, நி ரெண்டையும் தொடவே இல்ல. அஞ்சே சுரம். யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அந்த ரெண்டு கட்டையும் வேலை செய்யாதுங்க. கீபோர்டுல டீ கொட்டிருச்சு."

வினார்த்தி கண்ணை மூடிக்கொண்டாள். "எவ்வளவு அடக்கம்! சோலோக்காரங்களே இப்படித்தான். சொல்ல வேண்டியத மறைச்சு, வேற ஒண்ணச் சொல்வீங்க."

பொய் சொன்னால் நம்புவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் இப்படி நம்புவார்கள் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

பத்து நாளில் சுவரொட்டி கைபேசிக்கு வந்தது. பனிமூட்டத்தில் ஓர் அரண்மனை வாசல். கீழே, 'அரண்மனையின் மௌனம்: நஸ்ருல், சோலோ.' எழுத்து மிகப் பெரியது. ரொம்லா அக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றி, விரலால் படத்தை விரித்து விரித்துத் தேடினாள்.

"எங்கடா என் பேரு?"

"மாத்திட்டாங்க அக்கா. அவங்க மோட்டாரை கோங்னு நெனச்சுட்டாங்க."

"கோங்கா? கோங் அடிச்சா தண்ணி வருமா?"

"வராது அக்கா."

"நீ சொல்லலையா?"

"சொன்னா மேடை போயிடும் அக்கா."

அக்கா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். "சரி, போய் வாசி," என்று மட்டும் சொல்லிவிட்டு, நிகழ்ச்சிக்குப் போட்டுக்கொண்டு வரத் தனக்காகத் தைக்கக் கொடுத்திருந்த சட்டைத் துணியைத் திரும்ப வாங்கி வரத் தையல்காரியிடம் போனாள். அவள் திட்டியிருந்தால் நஸ்ருலுக்கு அன்று சாப்பாடு இறங்கியிருக்கும்.

ஒத்திகைக்குப் போனபோது மேடையில் அவன் நாற்காலிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு கோங் தொங்கியது.

"அடிக்க வேண்டாம் மாஸ். பின்னாடி சும்மா இருந்தா போதும்," என்ற வினார்த்தி அவன் தலையில் ஒரு ஜாவாத் தலைப்பாகையையும் வைத்தாள். அது அவன் காதுவரை இறங்கியது.

ஒலிபெருக்கி முழங்கியது. மோட்டாரை அவ்வளவு பெரிதாக அவன் கேட்டதே இல்லை. தரைப்பலகை அதிர்ந்தது, கால் வழியாக நெஞ்சுக்கு ஏறியது. இதற்காக எதை வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்போதுதான் சுரம் சடாரென்று இறங்கும் இடம் வந்தது. அந்த இறக்கத்துக்குள்ளிருந்து, அவனுடைய சின்ன ஒலிபெருக்கியில் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அரங்கம் முழுக்கப் பரவியது.

வினார்த்தி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினாள். "அது என்ன மாஸ்? மந்திரமா?"

நஸ்ருல் தலைப்பாகையைக் கழற்றினான்.

"எங்க வீட்டுக்காரம்மாங்க. 'எவன்டா உள்ள குளிக்கறது'ன்னு கேக்கறாங்க."

"யாரு?"

"ரொம்லா அக்கா. இது கோங் இல்லீங்க, அவங்க தண்ணி மோட்டார். எனக்கு சோலோ ஊரே தெரியாது. நான் பெக்காசி. தனியா வாசிக்கறதால சோலோன்னு எழுதினேன். பெரிய எழுத்து தப்பா விழுந்துருச்சு."

"பெக்காசியா?" என்று கேட்டபோது வினார்த்தியின் முகம், உப்புப் போட்ட காபியைக் குடித்தவள் முகம் போல ஆனது. கைபேசியில் என்னென்னவோ தட்டினாள். பிறகு மெல்ல மெல்ல அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

"தொழிற்பேட்டையோட வலி! நமக்கு 'விளிம்பின் சத்தங்கள்'னு ஒரு பகுதி இருக்கு. ஞாயித்துக்கிழமை காலை ஒன்பது மணி, கார் நிறுத்தற இடத்துல. நீங்க ஃபேக்டரில வேலை பாக்கறீங்கதானே? அந்தச் சீருடைல வாங்க!"

"சீருடை வேண்டாங்க. பாட்டுக்கு 'ரொம்லாவின் மோட்டார்'னு பேர் போட்டா வர்றேன். இல்லன்னா வரல."

கழற்றிய தலைப்பாகையை நாற்காலியில் வைத்தான்.

"அற்புதமான பேரு! அடித்தட்டுப் பெண்ணோட எதிர்ப்புக் குரல்!"

"எதிர்ப்பு இல்லீங்க. தண்ணி."

அவள் 'எதிர்ப்பு' என்றுதான் எழுதிக்கொண்டாள். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று மட்டும் நஸ்ருல் எட்டிப் பார்த்துக்கொண்டான். எழுதியிருந்தாள்.

ஒத்திகை அரங்கிலிருந்து நேராகக் கார் நிறுத்துமிடத்தைப் பார்க்கப் போனான். அங்கே மேடை என்று சொன்னது நான்கு பலகைகள். பக்கத்திலேயே லாரி அளவுக்கு ஒரு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் அருகில் நின்றபடியே அவன் அக்காவை அழைத்தான்.

"பேர் போட்டுட்டாங்க அக்கா. ஆனா அரங்கு போச்சு. வெளிய, கார் நிறுத்தற இடத்துல."

"வெயிலா இருக்குமே! சரி, குடை எடுத்துக்கறோம். நம்ம ஆறு ரூம் ஆளுங்களும் வர்றோம், நாளைக்குக் காலைல இங்க ஒருத்தரும் குளிக்கப் போறதில்ல. அது என்னடா அங்க பின்னாடி, உன் பாட்டா?"

"இல்ல அக்கா, ஜெனரேட்டர்."

"நம்ம மோட்டாரை விடச் சத்தமா இருக்கே!"

சத்தமாக மட்டும் இல்லை, அரைச் சுரம் கீழேயும் இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் கேட்பவர்களுக்குப் பல் கூசும்.

ஜூன் 28, சனி. நாளைய வேலை: ஆறு மணிக்கே போய் ஜெனரேட்டரின் சுருதியை இன்னொரு முறை பார்த்து, மோட்டாரை அரைச் சுரம் இறக்க வேண்டும்.