நாலரை மீட்டர்

மணல் பை கழிவுத் தொட்டி மூடிமேல் விழுந்தது. அடியில் ஆளை விழுங்கும் பள்ளம். அதனால் மூடி 'தொம்' என்று அதிர்ந்தது. மாடியிலிருந்து எறிந்த வாத்தியார் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நாலரை மீட்டர்!" கீழே முற்றத்தில் அளவு நாடாவோடு குனிந்திருந்த மகள் கத்தினாள். "அம்மா எறிஞ்சது மூணுதான். இன்னொரு தடவை எறிங்கப்பா."

"போதும்."

"மூணு தடவை எறிஞ்சு சராசரி எடுக்கணும்னு கிளாஸ்ல நீங்கதானே சொன்னீங்க?"

"போதும்னு சொல்றேன்ல! மேல வா!"

அந்தக் குரலுக்கு அடுப்படியில் இருந்த மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "அவ பாடத்துக்குத்தானே கேக்குறா? அதுக்கு ஏங்க இப்படிக் கத்துறீங்க?"

வாத்தியார் உள்ளே போய்விட்டார்.

பாடமும் அவர் கொடுத்ததுதான். வீட்டில் ஓர் உயரத்திலிருந்து இருவர் ஒரே பொருளைக் கிடைமட்டமாக எறிய வேண்டும். உயரத்தையும் விழுந்த தூரத்தையும் அளந்து, எறிந்த வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பதினொன்றாம் வகுப்புக்கு ஆண்டுதோறும் இதே பயிற்சிதான். இந்த ஆண்டு சொந்த மகள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருப்பதை யோசிக்காமல், பழக்கதோஷத்தில் கரும்பலகையில் எழுதிப்போட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

அந்த வீட்டில் எறிவது புதிய சங்கதி அல்ல. கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்கச் சனிக்கிழமைதோறும் ஒருத்தி வருவாள். தொட்டியம்மா என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். பேர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. வீட்டு அழுக்கையெல்லாம் அள்ளலாம், வீட்டுப் படியில் மட்டும் கால் வைக்கக்கூடாது. வாத்தியாரின் மனைவி கெட்டவள் இல்லை. பழையதைக் கொடுக்கமாட்டாள், சுடச்சுடச் சோற்றைப் பொட்டலம் கட்டித்தான் கொடுப்பாள். கொடுப்பாள் என்றா சொன்னேன்? மாடியிலிருந்து எறிவாள். கீழே தொட்டியம்மா முந்தானையை விரித்துப் பிடிப்பாள். பல வருஷப் பழக்கத்தில் இருவருக்கும் அளவு படிந்துபோயிருந்தது. அவள் நிற்கும் இடத்தில் சிமெண்டுத் தரைகூடத் தேய்ந்திருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை அவள் தொட்டிக்குள் விழுந்து செத்துப்போனாள். கால் வழுக்கிவிட்டது என்றார் வாத்தியார். பார்த்தவர் அவர் ஒருவர்தான். படித்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? அடுத்த மாதமே அவளுடைய மகள் அதே வேலைக்கு வந்தாள். பொட்டலமும் அதே இடத்தில் விழத் தொடங்கியது.

மணல் பை எறிந்த அன்று மாலை மகள் கணக்கை எழுதிக்கொண்டே அம்மாவிடம் கேட்டாள். "ஏம்மா, அந்தத் தொட்டியம்மா செத்தன்னைக்குச் சோறு நீயா எறிஞ்ச?"

"எனக்கு ஏதுடி தெம்பு? காய்ச்சல்ல சுருண்டு கெடந்தேன். பொட்டலத்தை மட்டும் கட்டி வச்சேன், ஸ்பெஷல் கிளாஸுக்கு லேட்டாச்சுன்னு அவசரமா உங்கப்பாதான்..."

அம்மா பாதியில் நிறுத்தினாள். காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. மகள் குனிந்து கணக்கின் கடைசியில் 'குறிப்பு' என்று எழுதினாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் வாத்தியார் நோட்டுகளைத் திருத்தினார். மகளின் நோட்டு அடுக்கில் பதினெட்டாவது. தரையிலிருந்து மாடிக் கைப்பிடி உயரம் நான்கு மீட்டர் தொண்ணூறு. விழும் நேரம் ஒரு விநாடி.

'மெல்ல எறிந்தாலும் வீசி எறிந்தாலும் அதே ஒரு விநாடிதான். நேரம் மாறுவதில்லை. எங்கே விழும் என்பது மட்டும் எறிபவர் கையில் இருக்கிறது. அம்மாவின் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டர். அப்பாவின் வேகம் நாலரை மீட்டர். குறிப்பு: அம்மாவின் அளவுக்குப் பழகி நிற்பவர், அப்பா எறிவதைப் பிடிக்க ஒரு விநாடிக்குள் ஒன்றரை மீட்டர் பின்னால் போக வேண்டும். ஒரு மீட்டர் பின்னால் தொட்டி இருக்கிறது.'

அந்த ஒரு விநாடியை வாத்தியார் மூன்று வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டலம் தன் தலைக்கு மேலே போவதைக் கண்டு தொட்டியம்மா அண்ணாந்தபடியே பின்னால் நகர்ந்தாள். முந்தானை விரிந்தே இருந்தது. மூடி திறந்து கிடந்தது. அவருக்கும் கத்த ஒரு விநாடி இருந்தது. அவர் கத்தவில்லை.

சிவப்புப் பேனாவோடு வரிவரியாகத் தேடினார். ஒரு பிழையாவது கிடைக்காதா என்று அலகுகளைக்கூடச் சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. பத்துக்குப் பத்து போட்டார். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை.

சனிக்கிழமை காலை தொட்டியம்மாவின் மகள் மூடியைத் திறந்து வேலையை முடித்தாள். கை கழுவிவிட்டுத் தேய்ந்த இடத்தில் வந்து நின்று, முந்தானையை விரித்து மேலே பார்த்தாள். "அம்மா, ஆயிடுச்சும்மா!"

வாத்தியாரின் மனைவி பொட்டலத்தை எடுக்கக் கை நீட்டினாள். அது அங்கே இல்லை. வாத்தியாரின் மகள் அதை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், எங்கடி போற? அவ குளிக்காம நிக்கிறா, மேல வாடி!"

மகள் முற்றத்துக்கு வந்து இரு கைகளாலும் பொட்டலத்தை நீட்டினாள். தொட்டியம்மாவின் மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையிலிருந்து கைக்கு அந்த வீட்டில் அவள் எதையும் வாங்கியதில்லை. விரித்த முந்தானையோடு ஓர் அடி பின்வாங்கினாள். "கீழ வச்சிடு பாப்பா, நான் எடுத்துக்கிறேன்." இன்னோர் அடி.

"அக்கா, பின்னால போகாதீங்க!" மகள் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பொட்டலம் இருவருக்கும் நடுவில் நசுங்கியது.

வேலைக்கு வந்தவள் திரும்பித் திறந்திருந்த தொட்டியைப் பார்த்தாள். கூச்சத்தோடு சிரித்தாள். "எனக்கு அதெல்லாம் கவனம் இருக்கு பாப்பா. எங்கம்மாதான் கூறுகெட்டது. கீழ பாக்காம நின்னு வழுக்கி விழுந்துடுச்சு."

மாடியில் வாத்தியார் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். மகள் ஒரு தடவை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் மணிக்கட்டை விடவில்லை.

"உங்கம்மா வழுக்கி விழலக்கா," என்றாள், மாடிக்கும் கேட்கும்படி.