பத்து எண்ணுவதற்குள்

மிளகிலிருந்து காரத்தை மட்டும் பிரித்தெடுக்கும் ஆலையில் அவளுக்கு நாக்குக்காரி என்று பேர். தட்டில் ஊசி ஊசியாகப் படிந்த இளமஞ்சள் காரத்தைச் சுரண்டி ஒரு சிட்டிகை வாயில் போடுவாள். முதலில் சாக்பீஸ் தூள் மாதிரி சப்பென்று இருக்கும். பத்து எண்ணுவதற்குள் அடிநாக்கிலிருந்து மெல்ல நெருப்பு ஏறினால் சரக்கு சுத்தம்.

ஆர்டர் கூடிய மாதம் ஒரு நாளைக்கு நாற்பது சிட்டிகை ஆனது. அப்போதுதான் தரை மிதக்கத் தொடங்கியது. ஜன்னல் வெயில் தேன்போலக் கெட்டியாகி வழிந்தது. குழல்விளக்குகள் இரட்டை இரட்டையாக எரிந்தன. செத்துப்போன அக்கா உலர்த்தும் அடுப்பருகே உட்கார்ந்து, "வாடி, இங்க கதகதன்னு இருக்கு" என்றாள். இவளும் இரண்டடி வைத்துவிட்டாள். முகத்தில் அனல் அடித்த பிறகுதான் அடுப்புக் கதவு திறந்திருப்பது தெரிந்தது.

"என்னக்கா, பட்டப்பகல்லயே ஏத்திட்டு வந்துட்டியா?" என்றாள் சாக்குத் தைக்கிறவள்.

"ஆமாடி, உன் மாமனார் ஊத்திக் குடுத்தாரு."

சிரித்துக்கொண்டே அடுப்புக் கதவைச் சாத்தினாள். பதினோரு வருஷமாக வலிப்பு மாத்திரை போடுகிறாள். ஆலைக்குத் தெரியாது. தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். இப்போது மாத்திரை கைவிட்டுவிட்டது, வலிப்பு திரும்புகிறது என்றே நினைத்தாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார். "மாத்திரை பத்தாம இல்லம்மா. ரெண்டு மடங்கு ரத்தத்துல நிக்குது. என்ன சாப்பிடுற?"

"எல்லாரும் சாப்பிடுறதுதான்."

டாக்டரம்மா அவள் நகக்கண்ணில் இருந்த மஞ்சளைப் பார்த்தார். வேலையை விசாரித்தார். "அந்தக் காரம் மருந்தைக் கழியவிடாம உடம்புக்குள்ளயே பிடிச்சு வச்சிடும். மயக்கம் அதனாலதான். வாயில போடுறத நிறுத்து."

அப்போ அக்கா வரமாட்டாள்.

மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் நின்றாள். "இனிமே ருசி பாக்க மாட்டேன் சார்."

"ஏம்மா, நாக்குல சுளுக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். அடுப்பருகே அக்கா ஓரமெல்லாம் கரைந்து இன்னும் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு வலிப்பு இருக்கு சார். சேரும்போதே இருந்துச்சு."

அவர் அடுப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "படுபாவி! வலிப்ப வச்சுக்கிட்டு இத்தனை நாள் அடுப்பு பக்கத்துலயா நின்ன?" சுரண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். "போ, சாக்குத் தை. தைக்கிறவளை இங்க அனுப்பு."

நாலாம் நாள் தரை அசையாமல் நின்றது. ஒவ்வொரு விளக்கும் ஒன்றாகத்தான் எரிந்தது. கோணி ஊசியை இழுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அடுப்பருகே யாரும் இல்லை.

"அக்கா, ஒண்ணுமே தெரியலயே!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் புது நாக்குக்காரி.

"எண்ணுடி" என்றாள் இவள். வெறும் வாயோடு தானும் எண்ணினாள்.