பதினோராம் வட்டத்தின் கசிவு

பம்பாகுச்சோ நகரத்தில் நில்டனுக்குத் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரையைத் தொட முடியாது. குடிநீர் அலுவலகத்தில் கசிவுப் பிரிவு என்றால் அவன்தான். அப்பா இறந்த ஐந்தாம் நாள், ஊர் வழக்கப்படி அவர் துணிகளைத் துவைக்க ஆற்றங்கரைக்கு வந்த இடத்திலும், அப்பாவின் ஈரக் கம்பளிச் சட்டையைப் பாறையில் விரித்தபடியே, அக்கம்பக்கத்தாருக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஊரே தூங்குது. அப்பவும் ஒரு குடிநீர் வட்டத்துக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருந்தா என்ன அர்த்தம்? எங்கயோ ஒழுகுது. வட்டத்துக்கு ஒரு பெரிய மீட்டர் இருக்கு, சொட்டு ஓடினாலும் திரையில கோடு மேல ஏறிக் காட்டிக் குடுத்துடும். எங்கிட்டருந்து ஒளிய முடியாது அத்தை."

அப்பாவின் பக்கத்து வீட்டு தெயோஃபிலா அத்தை முழங்கால் ஆழத்தில் நின்று துவைத்துக்கொண்டிருந்தாள். ரத்த உறவு துவைக்கக் கூடாது என்பது வழக்கம். திங்கட்கிழமை காலை நில்டனின் அப்பா, கிழவர் சதுர்நீனோவை, முற்றத்து நாற்காலியில் பேச்சுமூச்சில்லாமல் கண்டதும் அவள்தான்.

"எங்க தெருவ ரெண்டு தடவ தோண்டினியே, அந்தக் கசிவு கெடச்சுதா?"

"கெடைக்கும்."

"குழியில விழுந்த என் பன்னியாவது கெடச்சுது."

கரும்புச் சாராய பாட்டில் கைமாறியது. எல்லோரும் சிரித்தார்கள். அப்போது நில்டனின் போன் அடித்தது. அலுவலகத்து இன்ஜினியர்.

"துக்க நேரந்தான் நில்டன், மன்னிச்சுக்க. ஆனா பதினோராம் வட்டம்! திங்கட்கிழமையிலேர்ந்து கோடு தரையோட படுத்துடுச்சு. எப்படிய்யா அடைச்ச? மேலிடத்துல உன் பேரச் சொல்லிட்டேன்."

"நன்றி இன்ஜினியர்."

அவன் எதையும் அடைக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்து சவப்பெட்டியையும் விருந்தாளிகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பதினோராம் வட்டம் என்பது ஒரே ஒரு தெரு. அப்பாவின் தெரு.

"அத்தை, திங்கட்கிழமை நம்ம தெருவுல யாராச்சும் குழாய் மாத்தினாங்களா?"

"யாரு மாத்துவா? உங்கப்பா முற்றத்துக் குழாய நான் மூடினேன், அவ்வளவுதான்."

"தொறந்திருந்துச்சா?"

"எப்பவும் தொறந்துதான் கெடக்கும். நூல் மாதிரி. வீட்டு மீட்டர் முள்ளுகூட அசையாது. வாளியில விழுந்து, வழிஞ்சு, சாக்கடைக்குப் போயிடும். ஏன்யான்னு கேட்டா, வீட்டுல இன்னொரு ஆள் நடமாடற மாதிரி இருக்கும்பாரு. நீ புது நகருக்குக் குடிபோனதுலேர்ந்து அப்படித்தான்."

நில்டன் சிரித்தான். கொஞ்சம் உரக்கவே சிரித்தான்.

"தண்ணியத் துணைக்கு வச்சுக்கிட்டாராமா! ஊருல பாதிப் பேரு லாரித் தண்ணிக்கு வாளியோட நிக்கிறான், இவரு சாக்கடையக் குளிப்பாட்டியிருக்காரு. ரேடியோ போட்டுக் கேக்கறதுக்கென்ன?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அத்தை ஒரு காலுறையை முறுக்கிப் பிழிந்து அவன் கையில் கொடுத்தாள்.

"போட்டுப் பார்த்தாரு. நீ வாங்கிக் குடுத்ததுதானே. அதுல பேசறவங்க யாரும் தன்னப் பார்த்துப் பேசலைன்னாரு."

மாலையில் காய்ந்த துணிகளை மடித்து வீட்டில் வைத்தார்கள். அவித்த சோளம் தின்றார்கள். ஆவி இன்றோடு கிளம்பிவிடும் என்பதால், அதன் காலடி பதியட்டும் என்று வாசலில் சாம்பலைத் தூவிவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள். ரத்த உறவில் ஒருவர் தங்க வேண்டும். இருந்தது ஒருவன்தான்.

நில்டன் முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்து சமையலறைக்குப் போனான். ஏன் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தான். ஒருமுறை இருமினான். சுவர் அதை அப்படியே திருப்பிக் கொடுத்தது. போனில் பதினோராம் வட்டத்தின் கோட்டைப் பார்த்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இத்தனை அழகான கோட்டை அவன் பார்த்ததில்லை. யாரிடமாவது காட்டலாம் என்று நிமிர்ந்தான்.

வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய்க் குழாயைத் திருகினான். அதிகம் வந்தது. குறைத்தான். குனிந்து மீட்டரைப் பார்த்தான். முள் லேசாக அசைந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தான். முள் நின்றது. வாளியை அடியில் நகர்த்திவிட்டு நாற்காலிக்குத் திரும்பினான்.

வாளி நிரம்பி வழியத் தொடங்கியபோது, கால்களை மட்டும் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.