சல்ஹாவிடம் இனி ரத்தம் எடுப்பதில்லை

துனீசியாவின் ஸ்ஃபாக்ஸ் நகர ரத்த வங்கியிலிருந்து அழைப்பு வந்ததும் யாருக்கோ அவசரம் போலிருக்கிறது என்றுதான் சல்ஹா நினைத்தாள். ஐந்து பிள்ளை பெற்றவள். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. பல வருஷங்களாக முறை தவறாமல் ரத்தம் கொடுப்பவள். வயிறு நிறைய கோதுமை ரவைக் கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

டாக்டர் ரஃபீக்கா அவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை. தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

விபத்தில் அடிபட்ட ஒரு லாரி ஓட்டுநருக்குப் பிளாஸ்மா ஏற்றியிருக்கிறார்கள். ரத்த அணுக்களைப் பிரித்தபின் மிஞ்சும் மஞ்சள் நீர். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே அவன் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறிவிட்டது. இப்போது செயற்கை சுவாசத்தில் கிடக்கிறான். கொடுத்தவர்களின் ரத்தத்தையெல்லாம் சோதித்ததில், காரணம் சல்ஹாவின் பிளாஸ்மாதான் என்று தெரிந்தது.

"எனக்கு ஏதும் வியாதியா, டாக்டர்?"

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா. வயித்துல இருக்கற பிள்ளை பாதி அப்பனோடதுதானே? அதை அந்நியம்னு நெனச்சு சில தாய்மாரோட உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கி வெச்சுக்கும். அது உங்களை ஒண்ணும் பண்ணாது. இன்னொருத்தர் உடம்புல ஏறினா, அவங்க வெள்ளை அணுவைக் கிளப்பிவிட்டு நுரையீரலைக் கெடுத்துடும்."

இதற்கு முன் யாருக்காவது இப்படி ஆயிற்றா என்று சல்ஹா கேட்டாள். தெரிந்தவரை இல்லை என்றார் டாக்டர். அந்த ஓட்டுநரைப் பார்க்கலாமா என்றாள். கூடாது என்றார். அவளிடம் இனி ரத்தம் எடுக்கப்போவதில்லை. நோயாளிகளுக்கு ஏற்றும் பிளாஸ்மாவையும் இனிமேல் ஆண்களிடமிருந்தும், ஒருமுறைகூடக் கருத்தரிக்காத பெண்களிடமிருந்தும் மட்டும்தான் எடுப்பார்கள். வருகிற ஆண்கள்தான் போதவில்லை என்று டாக்டர் அலுத்துக்கொண்டார்.

சல்ஹா நேரே மீன் சந்தைக்குப் போனாள். அங்கே அவள் கணவன் ஹெடி கணவாய் மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். நடந்ததை அவனிடம் சொன்னாள்.

"நல்லது பண்றேன்னு நெனச்சுதானே குடுத்தேன். அந்த ஆளு மூச்சு விட முடியாம கெடக்கறான். இனி என்னால முடியாது. நீ வா."

ஹெடி கத்தியைக் கீழே வைத்தான். "எனக்கு ஊசின்னா ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். ஐந்து பிரசவத்தை வாசலில் நின்றே பார்த்த வீரனாச்சே என்றான் ஒருவன்.

"சிரிச்சவங்க எல்லாரும் கெளம்புங்க," என்றாள் சல்ஹா. "உங்க பெண்டாட்டிங்கதான் இவ்வளவு நாளா குடுத்தாங்க. இப்ப உங்க முறை."

மறுநாள் காலை நாலைந்து பேர் முணுமுணுத்துக்கொண்டே ரத்த வங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெடி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடுத்து முடித்தான். எழுந்தவன் நர்ஸின் மேலேயே மயங்கிச் சரிந்தான். தண்ணீர் தெளித்து உட்காரவைத்ததும், பை நிறைந்ததா என்றுதான் முதலில் கேட்டான்.

அந்த ஓட்டுநர் கொஞ்ச நாளில் தேறி, தன் காலால் நடந்தே வீட்டுக்குப் போனான். டாக்டர் அதைத் தொலைபேசியில் சொன்னபோது சல்ஹா நம்பாமல், மாடிப்படி ஏற முடிகிறதா, படுத்தால் இருமுகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். அன்றுதான் சல்ஹா வாய்விட்டு அழுதாள்.