நாற்பத்தொன்றாம் மாதிரி

1

இந்தக் கதை என்னுடையதல்ல. 2007 மார்ச்சில் தாம்பரம் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் சொன்னது. "இது எப்படி முடியணும்னு எழுதுங்க சார்," என்று சானடோரியத்தில் இறங்கிவிட்டாள். பிளஸ்ஸி என்பது நான் வைத்த பெயர்.

2

முதல் தொடக்கம்: மரபணு வெளிப்பாடு என்பது... (அடித்துவிட்டேன். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது: அறுத்தெடுத்த புராஸ்டேட் புற்றுநோய்க் கட்டியில் எந்த மரபணு துள்ளுகிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று அளந்து, நோய் திரும்புமா என்று கணிப்பது பிளஸ்ஸியின் ஆய்வக வேலை. மாதிரிகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. கணிப்பை யாரிடமும் சொல்லக்கூடாது.

நாற்பத்தொன்றாம் மாதிரி: வயது அறுபத்து மூன்று, அறுவை அக்டோபர் ஒன்பது. அன்று முழுக்க அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தாள், அப்பாவின் அறுவைக்காக. அவருக்கும் அறுபத்து மூன்று. டிசம்பரில் கணினி சொன்னது: திரும்பும் வாய்ப்பு அதிகம்.

(கணினி நாலில் ஒரு தடவை தப்பும். அந்த ஒன்றைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.)

3

அப்பா வில்பிரட், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். புத்தாண்டு ஆராதனையில் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்பார்கள்; அந்த வருஷம் முழுக்க அந்த வசனம்தான் துணை. தட்டு ஏந்தி நின்றவள் பிளஸ்ஸி. அப்பா வந்ததும், நீண்ட ஆயுளைச் சொல்லும் அட்டையை விரலால் முன்னே தள்ளினாள். அவர் அதையே எடுத்தார். பயத்தில் செய்த காரியம், பாவம்.

மூன்று மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை உண்டு. நோய் திரும்பினால் அதில்தான் முதலில் தெரியும். ஜனவரியில் அவர் போகவில்லை.

"கர்த்தரே சொல்லிட்டார்மா. அதுக்கு மேல ரத்தத்துல என்ன பார்க்கப் போறாங்க?"

"ஒரே ஒரு தடவ போய்ட்டு வந்துடலாம் டாடி."

"உனக்கு நம்பிக்கை இல்லையா?"

அட்டை அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

4

முடிவு அ: ஆய்வகக் கணிப்பைச் சொல்கிறாள். வேலை போகிறது. அவர் கணினியை நம்பவில்லை.

முடிவு ஆ: அட்டையைத் தள்ளியதைச் சொல்கிறாள். அவர் ரத்தம் கொடுக்கப் போகிறார். அதன்பிறகு அவளோடு ஜெபத்தில் உட்காரவே... (இதற்கு மேல் எழுத வரவில்லை. மகள் மேல் உள்ள நம்பிக்கையா, கர்த்தரின் வாக்கா, எதை இழந்து அந்த மனுஷன் பிழைப்பார்?)

முடிவு இ: ஒன்றும் சொல்லாமல் இருக்கிறாள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

5

ஆகஸ்டில் அதே ரயிலில் அவளைப் பார்த்தேன்.

"அப்பா எப்படி இருக்கார்?"

"இடுப்பு வலிங்கிறார் சார். பஸ்ல இடிபட்டதாம்." குரலைத் தாழ்த்தினாள். "இந்த நோய் பரவினா எலும்புக்குத்தான் முதல்ல போகும்."

"அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"நீங்க எழுதுவீங்கன்னு இருந்தேன் சார்."

ஐந்து மாதம் நான் நல்ல வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். இனி என்னால் முடியாது. அ, ஆ இரண்டும் மேலே இருக்கின்றன. நீங்கள் ஒன்றை எடுத்துக்கொடுங்கள். அவள் நாளைக்கும் இதே ரயிலில் வருவாள்.