குதிரை முள்ளங்கியின் நெடி

என் வீட்டுக்காரருக்கு மூக்குதான் பிழைப்பு. தேயிலைக் கம்பெனியில் கலவை பார்ப்பவர். கோப்பையை முகர்ந்தாலே எந்தச் சரக்கு எத்தனை பங்கு என்று சொல்லிவிடுவார். போன வருஷம் வந்த காய்ச்சல் அந்த மூக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. வாசனை திரும்பினால் பழைய நாற்காலி, இல்லையென்றால் கிடங்கு வேலை என்று மேனேஜர் ஒரு வருஷம் கெடு வைத்தார்.

அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான், குதிரை முள்ளங்கி என்று ஒரு சீமைச் செடி, அதன் வேரைத் துருவி முகர்ந்தால் போன வாசனை ஓடிவரும் என்று ஓதிவிட்டான். இவர் நாலு துண்டு வேர் வாங்கிவந்தார். விட்டால் தோட்டம் முழுக்கப் பரவிவிடுமாம். அடி போன வாளியை மண்ணில் புதைத்து அதற்குள் நட்டார். இலை என் கை நீளத்துக்கு வளர்ந்தது. காலையில் எழுந்ததும் குனிந்து குனிந்து அதில் புழு பொறுக்குவார். என் முதுகுவலிக்கு ஒருநாள் தைலம் தேய்த்திருப்பாரா இந்த மனுஷர்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு வேறு நம்பிக்கை ஏது?

குளிரில் இலை கருகியதும் தோண்டினார். முழு வேரில் ஒரு வாசமும் இல்லை, வெறும் மண்தான். துருவ ஆரம்பித்ததும் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. இவர் தட்டின் மேல் குனிந்து ஒரு இழுப்பு இழுத்தார். அப்படியே பின்வாங்கினார்.

"வந்துடுச்சும்மா. நெடி ஏறுது. உச்சி வரைக்கும் ஏறுது."

துருவல் ஒட்டிய கையோடு என்னைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில், பட்டப்பகலில், அதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. மேனேஜரிடம் சொல்லப் போனைக் கையில் எடுத்தார்.

அவர் சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடி என்றார். மணம் என்று சொல்லவில்லை. மிளகாய் கருகினால் மூக்கடைத்தவனுக்கும்தான் நெடி ஏறும்.

"போனைக் கொஞ்சம் வைங்க. கண்ணை மூடுங்க."

தேயிலை டப்பாவைத் திறந்து அவர் மூக்கருகே பிடித்தேன். அவரே கலந்த தூள் அது.

"ம், டப்பாவைத் திற," என்றார்.

"திறந்துதாங்க இருக்கு."

கண்ணைத் திறந்து டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாவி, பேசாமல் இருந்திருக்கலாம். அப்புறம் மிச்சமிருந்த மெல்லிய வேர்களை எடுத்து, மேல் நுனியை நேராகவும் கீழ் நுனியைச் சாய்வாகவும் வெட்டினார். தலைகீழாக நட்டுவிடாமலிருக்க அந்த அடையாளம்.

"இன்னும் எதுக்கு அது? தூக்கிப் போடுங்க." வந்த அழுகையைக் கோபமாக்கிக்கொண்டேன்.

"இருக்கட்டும். இது ஒண்ணாவது மூக்குக்குத் தெரியுதே."

தோட்டத்துக்குப் போய் வாளியருகே உட்கார்ந்தார். டப்பாவோடு நானும் பின்னால் போனேன்.

"அந்தத் தூள் எப்படி மணக்குது? சொல்லு," என்றார், மண்ணைத் தள்ளிக்கொண்டே.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்குன்னு கம்பெனியில சொன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவான். ஒழுங்கா சொல்லு."

நான் டீயை நின்றுகொண்டே மடக் மடக்கென்று குடிக்கிறவள். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முகர்ந்தேன்.

"மொதல்ல, புதுசா அறுத்த மரம் மாதிரி."

தலையை ஆட்டினார். "அது மூணு பங்கு. அப்புறம்?"